முப்பது துளைத் தொலைக்காட்சி

எங்கள் வீட்டில் ஏற்கெனவே ஒரு தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது. நல்ல பெரிய பெட்டி. வரவேற்பறையில் பாதியை அடைத்துக்கொண்டு நின்றது. அப்படியிருக்க, தீப்பெட்டியளவு படம் காட்டும் இன்னொன்றைச் சொந்தக் கையால் செய்யப்போவதாக என் கணவர் சொன்னபோது, நான் மறுபேச்சில்லாமல் றொட்டி தட்டும் குசினி மேசையைத் துடைத்துக் கொடுத்தேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள். மேசையில் ஒரு திருகாணி கிடந்தாலே சன்னதம் ஆடுகிறவள் நான்.

காரணம் இருந்தது. அதற்கு முந்தைய மாரியில் அவருக்கு இருதயத்தில் அறுவைச் சிகிச்சை நடந்தது. பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தவரை இனி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மற்றபடி இருதயம் நன்றாக வேலை செய்கிறது, நடக்கலாம், படியேறலாம், மெல்ல மெல்ல வேறு வேலை பார்க்கலாம் என்றார் வைத்தியர். மனுசன் சோபாவை விட்டு எழும்பவில்லை. சோறு போட்டால் சாப்பிடுவார். ஏதாவது கேட்டால் "ஓம்" என்பார். ஒருநாள் வேண்டுமென்றே உப்பில்லாமல் கறி வைத்துப் பார்த்தேன். ஒரு சொல்லும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுச் சோற்றுக் கோப்பையைக் கழுவி வைத்தார். முன்பென்றால் அதற்கு ஒரு பிரசங்கமே நடந்திருக்கும். அன்றைக்குத்தான் எனக்கு உண்மையில் பயம் பிடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து உடம்பை அனுப்பிவிட்டு ஆளை அங்கேயே வைத்துக்கொண்டார்களோ என்று இருந்தது.

வசந்தத்தில், நோர்வேயில் நாங்கள் இருக்கும் ஹொல்ம்லியாவில் பள்ளிக்கூட வாத்தியக் குழுவுக்காக லொப்பெமார்க்கெட் வைத்தார்கள். வீடுகளில் கழித்த பழைய சாமான்களை விற்கும் சந்தை. எனக்கு ஒரு கனமான இரும்புச் சட்டி வேண்டும், தூக்க ஆள் வேண்டும் என்று சொல்லி அவரை இழுத்துக்கொண்டு போனேன். சட்டி கிடைக்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அவர் புத்தக மேசைக்கு முன் நின்றார். கையில் மட்டை கழன்ற ஒரு நோர்வேஜியப் புத்தகம். வானொலிப் பைத்தியங்களுக்காக அந்தக் காலத்தில் எழுதியது.

"இஞ்சை பாரும்," என்றார். அவராக வாய் திறந்து எவ்வளவோ காலம். நான் உடனே பார்த்தேன்.

படத்தில் ஒரு வட்டத்தட்டு இருந்தது. அதன் விளிம்போரமாக முப்பது துளைகள், நத்தை ஓட்டைப்போலச் சுருளாக. தட்டுக்குப் பின்னால் ஒரு விளக்கு. தட்டுச் சுழலும்போது ஒவ்வொரு துளையும் ஒவ்வொரு கோடு வரையும். வருகிற சமிக்ஞைக்கு ஏற்ப விளக்குக் கூடிக் குறையும். முப்பது கோடுகளும் சேர்ந்தால் ஒரு முகம். படக்குழாய் வருவதற்கு முன், முதன்முதல் தொலைக்காட்சி இப்படித்தான் வந்ததாம். சனங்கள் அதற்கான பெட்டியை வீட்டிலேயே செய்து பார்த்தார்களாம்.

"அந்த ஒளிபரப்பு இப்ப எங்கையப்பா இருக்கு?" என்று கேட்டேன்.

"சத்தமாப் பதிஞ்சு வைச்சிருப்பினம்," என்றார்.

அவர் சொன்னது சரி. துரொண்ட்ஹெய்மில் படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் இணையத்தில் தேடி, வேறு நாட்டில் இதே பைத்தியம் பிடித்த சிலரிடமிருந்து ஒரு சீடி எடுப்பித்தாள். பழைய ஒளிபரப்புகள் அதில் வெறும் சத்தமாக இருந்தன. போட்டுக் கேட்டேன். போத்தலுக்குள் அகப்பட்ட வண்டு இரைவது போல இருந்தது. இதற்குள் முகம் இருக்கிறது என்றார் அவர். இருக்கட்டும் என்றேன்.

கோடை முழுவதும் அந்த வேலைதான். பழைய காற்றாடி ஒன்றின் மோட்டார், சிவப்புக் குட்டி விளக்குகள், ஒரு அலுமினியத் தகடு. அவர் கோணம் அளந்து புள்ளி வைப்பார். துளைப்பது என் வேலை. நான் பல் வைத்தியசாலையில் உதவியாளராக இருந்தேன். கழித்துப்போட்ட மெல்லிய துளைக்கும் நுனிகள் சிலவற்றை வைத்தியரிடம் கேட்டேன். எதற்கு என்றார். தொலைக்காட்சிக்கு என்றேன். ஒரு கடித உறையில் போட்டுத் தந்தார்.

துளை மயிரளவு விலகினாலும் படம் கெட்டுப்போகும் என்று மட்டும் என் கணவர் சொன்னார். அப்படியே ஒன்று விலகியது. புதுத் தகட்டை எடுத்து முதலிலிருந்து தொடங்கினார். கோபமில்லை, முகம்கூடச் சுருங்கவில்லை. ஒரு வார்த்தை ஏசமாட்டாரா என்று நான் காத்திருந்தேன். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து என்னை ஏசாதேங்கோ என்று சண்டை பிடித்தவள் நான். எனக்கே இப்படி ஒரு ஆசை வந்துவிட்டது.

தட்டுக்குக் கறுப்பு மை பூசி, யன்னல் திரையை இழுத்துவிட்டு, முதல் தடவை சுழலவிட்டோம். சிவப்பாக ஏதோ தெரிந்தது. தெரிந்த கையோடு பக்கவாட்டில் ஓடியது. மோட்டாரின் வேகம் ஒரு நிலையில் நிற்கவில்லை. அதைச் சரிசெய்ய ஒரு குமிழ் வைக்கவேண்டும் என்று தட்டைக் கழற்றி வைத்துவிட்டு அவர் கடதாசியில் கீறத் தொடங்கினார்.

அந்தக் கிழமை சரசுவதி பூசை வந்தது. தொழில் செய்யும் சாமான்களைச் சரசுவதி படத்துக்கு முன் வைப்பது வழக்கம்தானே. என் கத்தரிக்கோல், மகளின் பழைய புத்தகங்கள், அவருடைய ஈயம் பற்றவைக்கும் கோல், அதோடு இந்தத் தட்டு. கன்னங்கரேலென்று கிடந்த தட்டைப் பொட்டில்லாமல் வைக்க எனக்கு மனம் வரவில்லை. விளிம்பைச் சுற்றிச் சந்தனம் வைத்து, மேலே குங்குமமும் வைத்தேன். நன்றாகக் கும்பிட்டேன். தட்டுக்காகக் கும்பிடவில்லை, அவருக்காகத்தான். அடுத்தநாள் ஈரத்துணியால் அழுத்தித் துடைத்துக் கொடுத்தேன்.

குமிழ் பூட்டியபின் படம் ஓடாமல் நின்றது. ஒரு பெண்ணின் முகம். ஆனால் அவளுடைய ஒரு கண் இருக்கவேண்டிய இடத்தில், மேலிருந்து கீழே ஒரு கறுப்புக் கோடு. அவர் விளக்கை மாற்றினார். வயர்களை மாற்றினார். சீடியில் பிழையோ என்று வேறு படம் போட்டார். அதிலும் அதே இடத்தில் கோடு. கடைசியில் மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, "சரிவராது," என்று சோபாவில் போய் இருந்தார். அந்த இருப்பு எனக்குத் தெரிந்த இருப்பு.

இரண்டொரு நாள் பொறுத்தேன். சனிக்கிழமை காலை எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

"இஞ்சேருங்கோ, சரிவராட்டில் மேசையை விடுங்கோ. எனக்கு றொட்டி தட்ட வேணும்."

எழும்பி வந்து தட்டைக் கழற்றினார். கழற்றியவர் யன்னல் பக்கம் திரும்பினார். வெளியே நல்ல வெயில். தட்டை உயர்த்திப் பிடித்து அப்படியே நின்றார். சுருளாக வெளிச்சப் புள்ளிகள். நடுவில் ஒன்று மட்டும் இல்லை. அந்த இடத்தை நகத்தால் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார்.

"இதென்ன, சந்தனம் மணக்குது?"

"பூசைக்குப் பொட்டு வைச்சனான்."

"ஓட்டைக்குள்ளை பொட்டோ? உமக்கு என்ன விசரோ? ஒரு ஓட்டை அடைபட்டா ஒரு கோடு போச்செல்லே! மெசினுக்கு ஆராவது பொட்டு வைப்பினமே?"

"கார் வாங்கேக்கை சில்லுக்குக் கீழை தேசிக்காய் வைச்சு ஏத்தினது ஆர்? நானோ?"

"கார் தேசிக்காயிலை ஓடேல்லை! இது ஓட்டையிலைதான் ஓடுது!"

கீழ்வீட்டு நோர்வேஜிய மனுசிக்கும் கேட்டிருக்கும். அப்படியொரு சத்தம். கழுத்து நரம்பு புடைத்திருந்தது, கண் இரண்டும் உருண்டு நின்றன. என்னோடு இத்தனை வருசம் சண்டை பிடித்த அதே மனுசன், முழுதாக, என் குசினிக்குள் நின்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க அழுகையும் வந்து, கதிரையில் இருந்துவிட்டேன்.

அவர் பயந்துபோனார். "என்னப்பா, நெஞ்சு நோகுதே?"

"இல்லை. நீங்கள் ஏசுங்கோ."

ஏசவில்லை. ஊசி கேட்டார். துளையைக் குத்தித் துப்புரவாக்கி, தட்டைப் பூட்டி, திரையை இழுத்துவிட்டோம். வண்டு இரைந்தது. விரலால் குமிழை மயிரளவு திருப்பினார். சிவந்த வெளிச்சத்தில் அந்தப் பெண் நின்றாள், இரண்டு கண்களோடும். தலையை ஒருபக்கம் திருப்பினாள். பிறகு எங்களைப் பார்த்துச் சிரித்தாள். எத்தனையோ காலத்துக்கு முந்திய சிரிப்பு எங்கள் குசினி மேசையில் வந்து நின்றது. சந்தோசத்தில் நான் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டேன். அவர் அதற்குள் மூக்கைச் சுளித்தார்.

"காணாது. கொஞ்சம் ஆடுது. மோட்டார் மாத்தவேணும்."

அந்த நேரம் மகள் தொலைபேசி எடுத்தாள். "அம்மா, அப்பா எப்பிடி?" என்றாள், வழக்கமான பயந்த குரலில்.

"கொப்பா என்னை ஏசிப்போட்டார்," என்றேன்.

"உண்மையாவோ?"

"ஓம். நல்லா ஏசினவர்."

"அப்பாவிட்டைக் குடுங்கோ அம்மா, குடுங்கோ."

நீட்டினேன். அவர் தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கையை மட்டும் ஆட்டினார்.

"பிறகு கதைக்கிறன் எண்டு சொல்லும். எனக்கு வேலை இருக்கு."

அதை அப்படியே மகளுக்குச் சொல்ல வாய் திறந்தேன். "வேலை" என்ற சொல்லுக்கு அப்பால் என்னால் போகமுடியவில்லை.