கருவாடு மணக்கும் தலையணை

நேற்று தலையணைகளை வெயிலில் போட்டேன். சூடேறியதும் ஒன்று மட்டும் கருவாடு மணத்தது. எத்தனையோ தரம் உறை மாற்றியாயிற்று. பஞ்சுக்குள் ஏறியது போகாது. அது என்னுடையதல்ல, சிஸ்டருடையது.

சிஸ்டர் கன்னியாஸ்திரி, எங்கள் கரைப் பள்ளிக்கூடத்தின் அதிபர். குள்ளமான மனிசி. அவருடைய செருப்புச் சத்தம் கேட்டால், கரைவலை இழுக்கிற நாங்களே பீடியை மறைப்போம். நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். எனக்கேன் அந்தப் பயம் என்று இன்றைக்கும் தெரியாது.

சண்டை முடிந்து முல்லைத்தீவுக் கடல் திறந்த காலம். சோளகக் காற்று எழும்பினால் எங்கள் பக்கக் கடல் தொழிலுக்கு ஆகாது. குடும்பத்தோடு லொறியேறிப் போய் அங்கே கரையில் வாடி போடுவோம், தங்கித் தொழில் செய்ய ஓலைக் குடில். ஐந்து மாதம். கருவாடு காயப்போடப் பிள்ளைகளும் வரும். அந்த வருசம் மகள் அனித்தாவுக்குச் சாதாரண தரச் சோதனை. எங்களோடு வந்தால் படிப்பு அதோடு சரி. பிள்ளையை விட்டுவிட்டுப் போகச் சொல்லி சிஸ்டர் இரண்டு தரம் வீட்டுக்கு வந்து கேட்டார். "பார்ப்பம்" என்றேன். பார்க்கவில்லை.

லொறி புறப்படும் காலையில் சிஸ்டர் பாயும் தலையணையுமாக வந்தார். பின்பக்கம் ஏறிச் சட்டிபானைக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டார்.

"எங்க சிஸ்டர் பயணம்?"

"உங்களோடதான். கருவாடு காயப்போட ஒரு ஆள்தானே வேணும்? பிள்ளைய இறக்குங்க."

"நாத்தம் தாங்கமாட்டீங்க."

"நான் கருவாட்டுக்காரன்ட மகள். உங்களவிட நல்லா மீன் வெட்டுவன்."

"அண்ணன், இவவ ஏத்தினா முல்லைத்தீவு போய்ச் சேருமட்டும் செபமாலைதான்" என்றான் டிரைவர்.

மனைவிதான் மகளின் பெட்டியை இறக்கினாள். "கொன்வென்டில எங்களோட இருக்கட்டும்" என்று சிஸ்டர் பாயைச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். தலையணை லொறியோடு வந்துவிட்டது.

வாடியில் அதில்தான் படுத்தேன். முதலில் சிஸ்டர் துணி துவைக்கிற சவர்க்காரம் மணத்தது. பிறகு எங்கள் மணம். தலவிலக் கோயில் திருநாளுக்கு ஊர்ப்பக்கம் வந்தபோது, "என்ட தலகாணி எங்க?" என்று சிஸ்டர் கேட்டார். "கழுவிக் கொண்டு வாறன் சிஸ்டர்" என்றேன். நாற்றத்தோடு கொடுக்க வெட்கம்.

சோளகம் முடிந்து திரும்பினால், சிஸ்டரை மலைநாட்டுக்கு மாற்றியிருந்தார்கள். அனித்தா சோதனை எழுதினாள். இப்போது சிலாபத்தில் படிப்பிக்கிறாள். சிஸ்டர் கண்ணை மூடி மோசம்போன செய்தியையும் அவள்தான் போனில் சொன்னாள்.

வாடிக்கு லொறி போவதில்லை இப்போது. கொன்வென்ட் படலையில் பூட்டு. பீடியை நானும் விட்டுவிட்டேன். யாருக்கும் மறைக்க வேண்டியதில்லை.

பின்னேரம் தலையணையை உள்ளே எடுத்தேன். அந்தச் சவர்க்கார மணம் எங்காவது இருக்குமா என்று முகத்தை வைத்துப் பார்த்தேன். இல்லை.