துரையின் பெட்டிக்கு வைத்த தபால் அரக்கு

எழுபதுகளின் நடுவில், ஓர் ஆடி மாதத்தில் நடந்தது இது. சின்னக்கானல் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில், ஃபேக்டரியை ஒட்டியிருந்த சின்னத் தபாலாபீசில் அப்போது நான் வேலை பார்த்தேன். போஸ்ட் மாஸ்டரும் நான்தான், தந்தி அடிப்பவளும் நான்தான். முப்பத்திரண்டு வயது. கல்யாணம் ஆகவில்லை, வாய் நீளம், கை வேகம். இந்த மூன்றும் எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம்.

தந்தி அடிக்கிற கைக்கு ஒரு திமிர் உண்டு. எனக்கு அது கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எஸ்டேட் பங்களாவின் பின்கட்டில், ஊருக்குப் போய்விட்ட வெள்ளைக்கார துரை விட்டுப்போன ஹாம் ரேடியோ ஒன்று கிடந்தது. ஹாம் ரேடியோ என்றால், லைசென்ஸ் வாங்கியவர்கள் வீட்டிலிருந்தபடியே காற்றில் சேதி அனுப்பி, எங்கோ இருக்கும் இன்னொருவரோடு பேசிக்கொள்வது. பேச்சாகவும் பேசலாம், தந்தி மாதிரி கட்டுக்கடவென்று தட்டியும் பேசலாம். கேட்பதற்கு ஒரு பெட்டி, அனுப்புவதற்கு ஒரு பெட்டி. அதைப் பழைய இரும்புக்குப் போடப்போவதாக மேனேஜர் சொன்னபோது, எனக்குக் கொடுங்கள் என்று வாய்விட்டுக் கேட்டு வாங்கினேன். ஃபேக்டரி எலக்ட்ரீஷியனும் இன்னொருவருமாகத் தூக்கி வந்து ஆபீசை ஒட்டிய என் அறையில் இறக்கினார்கள்.

"யக்கா, துரையே விட்டுட்டு ஓடிட்டாரு. நீங்க எதுக்கு இதத் தலையில தூக்கிச் சுமக்கீய?" என்று அந்த எலக்ட்ரீஷியன் சிரித்தான். என்னைவிட இரண்டு வயது சின்னவன். என்னைக் கேலி செய்ய எஸ்டேட்டில் தைரியம் இருந்த ஒரே ஆள்.

பெட்டியைத் திறந்தால் உள்ளே எலிக்கூடு. வயர்களின் ரப்பர் தொட்டால் உதிர்ந்தது. கண்டென்சர்கள் வெடித்துக் கிடந்தன. பதினாலு மாதம் ஆயிற்று. பல்பு மாதிரி எரியும் வால்வுகளும் கண்டென்சர்களும் கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரும். என் ஆபீசுக்கு எனக்கே வரும் பார்சலுக்கு நானே முத்திரை குத்தி, நானே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்வேன். துரை பெட்டிக்குள் ஒட்டி வைத்திருந்த படத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு வயராக மாற்றினேன்.

கடைசியில் மிஞ்சியது ஈரம். எங்கள் மலையில் உப்பு தண்ணீராகும், தீப்பெட்டியை இடுப்பில் சொருகிக் காப்பாற்ற வேண்டும். பத்து வருஷ ஈரத்தைக் குடித்திருந்த டிரான்ஸ்ஃபார்மரை எப்படிக் காய வைப்பது? எனக்கு ஒரு யோசனை வந்தது. பக்கத்து எஸ்டேட்டில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர் இருந்தது. சுற்றி அடைத்த கட்டடம், கீழே விறகு எரியும், மேலே தட்டுத் தட்டாகக் காய் காயும். தை மாதம், அனுப்பும் பெட்டியை அங்கே கொண்டுபோய் ஏலக்காயோடு ஏலக்காயாக இரண்டு நாள் வைத்தேன். திரும்பி வந்தபோது பாயசத்துக்குப் போடலாம் போல மணந்தது. சுவிட்சைப் போட்டதும் வால்வுகள் சிவந்து எரிந்தன. எலக்ட்ரீஷியன் சிலுவை போட்டுக்கொண்டான். ஏலக்காய் ஸ்டோர் யோசனையை நான் பார்த்தவர்களிடமெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொண்டேன்.

லைசென்ஸ் பரீட்சையில் தந்தி அடித்துக் காட்டச் சொன்னார்கள். கொஞ்சம் மெதுவாக அடியம்மா என்று அதிகாரியே கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. ஆபீஸ் கூரையிலிருந்து சில்வர் ஓக் மரத்துக்குச் செப்புக் கம்பி இழுத்துக் கட்டினேன். வாரத்தில் மற்ற நாட்களில் தபால் வேலை இருக்கும் என்பதால் ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் உட்காருவேன். பெங்களூர், கொழும்பு என்று ஆட்கள் பதில் சொல்வார்கள். நாற்காலியில் நேராக நிமிர்ந்து உட்கார்ந்துதான் அடிப்பேன், யாரோ பார்ப்பது போல.

ஆனி மாதம் ஒரு நாள், வேலை நாளில், மத்தியானச் சாப்பாட்டு வேளையில் உட்கார்ந்தேன். மலைக்குக் கீழே நல்லேப்பிள்ளி என்ற ஊரிலிருந்து ஒருவர் பதில் சொன்னார். நெல் விவசாயி, மத்தியானம் வயலிலிருந்து வந்து தினமும் ரேடியோவில் உட்காருவாராம். ஹாம்கள் சந்தித்தால் முதலில் மூன்று எண் சொல்லிக்கொள்வார்கள். சேதி எவ்வளவு புரிகிறது, சத்தம் எவ்வளவு பலமாக இருக்கிறது, நாதம் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது. நாதத்துக்கு ஒன்பது கொடுத்தால் முழு மார்க். ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எனக்கு எட்டுக்குக் குறைத்ததில்லை. இவர் மூன்று கொடுத்தார். உங்கள் நாதம் ஆடுகிறது, இருக்க வேண்டிய இடத்தை விட்டு நகர்கிறது, ஒரு தடவை நீங்களே கேட்டுப் பாருங்கள் என்று வேறு தட்டினார்.

எனக்குக் கோபம் உச்சந்தலையில் ஏறிவிட்டது. உங்கள் ரேடியோவைச் சரிபாருங்கள் என்று பதிலுக்குத் தட்டிவிட்டு, விடைகூடப் பெறாமல் சுவிட்சை அணைத்தேன். ஹாம்களுக்குள் அது முகத்தில் கதவைச் சாத்துவது மாதிரி. வயல்காட்டு ஆளுக்கு நாதத்தைப் பற்றி என்ன தெரியும் என்று நினைத்ததும் உண்மை. இப்போது எழுதவே கூசுகிறது.

ஆடி பிறந்து மழை பிடித்துக்கொண்டது. நாலாம் நாள் செவ்வாய்க்கிழமை. தந்திக் கம்பி திங்களன்றே அறுந்துபோயிருந்தது. மூணாறு ரோட்டில் மரங்கள் விழுந்து கிடந்தன. போடிப் பக்கம் இறங்குகிற ரோட்டிலும் மண் சரிந்து, வண்டி போகாது, ஆள் மட்டும் தாண்டிப் போகலாம் என்றார்கள். மத்தியானம் எஸ்டேட் டாக்டர் நனைந்துகொண்டு ஆபீசுக்குள் வந்தார். பின்னால் எலக்ட்ரீஷியன். அன்றைக்கு அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவனுடைய எட்டு வயதுப் பெண்ணுக்குத் தொண்டை அடைப்பான். தொண்டையில் வெள்ளையாகப் படர்ந்து மூச்சு இழுக்கிறது. அதற்கான சீரம் டிஸ்பென்சரியில் இல்லை. கீழே போடியில் ஒரு ஆஸ்பத்திரியில் இருக்கும்.

"காலையிலேயே ஆள் விட்டிருக்கேன். சரிவுக்கு அந்தப் பக்கம் வண்டியே இல்லை, நடந்து இறங்கணும். அவன் சேர்ந்து மருந்து வர நாளைக்கு ஆயிடும். இன்னிக்குள்ள ஊசி போட்டாத்தான்..." என்று டாக்டர் நிறுத்தினார். போடிக்குச் சேதி மட்டும் போய்விட்டால், அங்கிருந்து ஜீப் சரிவு வரை வந்துவிடும். சேதிதான் போக வேண்டும்.

"எங்கிட்ட ரேடியோ இருக்கு டாக்டர்" என்றேன். சொன்னபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்ததை மறைக்க மாட்டேன்.

அவசரச் செய்தி என்று கூப்பிட்டேன். கேட்கும் பெட்டியில் ஆட்கள் தெளிவாகக் கேட்டார்கள். கொழும்புக்காரர் ஒருவர் வானிலை பேசிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடுவது மட்டும் ஒருவர் காதிலும் விழவில்லை. முக்கால் மணி நேரம் கூப்பிட்டேன். கை கடுத்தது. எலக்ட்ரீஷியன் சுவரோரம் குந்தியிருந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் ஒரு வார்த்தை கேலி பேசியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது.

அப்போதுதான் அந்த மூன்று ஞாபகத்துக்கு வந்தது. ஒரு தடவை நீங்களே கேட்டுப் பாருங்கள்.

நான் கேட்டதே இல்லை. அனுப்பும்போது கேட்கும் பெட்டியை வாயடைத்து வைப்பதுதான் வழக்கம், இல்லையென்றால் காது கிழியும். ஊரெல்லாம் என் நாதத்தைக் கேட்டிருக்கிறது, எனக்குத்தான் அது எப்படி இருக்கும் என்று தெரியாது.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தேன். தந்தி அடிக்கும் கீயை அவன் விரலுக்கடியில் வைத்து, "நான் சொல்ற வரைக்கும் அமுக்கிப் பிடி" என்றேன்.

"எம் புள்ளைக்காக விடிய விடிய அமுக்கிட்டு கெடப்பேன்க்கா" என்றான்.

கேட்கும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபால் பிரிக்கும் அறைக்குப் போய், ஏரியல் இல்லாமல் போட்டேன். வழக்கமான இடத்தில் என் சத்தம் இல்லவே இல்லை. முள்ளைத் திருப்பித் திருப்பித் தேடினால், ஹாம்கள் யாரும் காது வைக்காத இடத்தில், வெகு கீழே கிடந்தது. அதுவும் நாதமா அது? பூனை கத்துவது போல ஏறி இறங்கியது. பக்கத்து ஃபேக்டரியில் இலை உருட்டும் ரோலர் சுற்றச் சுற்ற, அந்தத் தாளத்துக்கே ஆடியது. ஞாயிற்றுக்கிழமை ஃபேக்டரிக்கு லீவு. அதனால்தான் ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் எட்டு கொடுத்தார்கள். வேலை நாளில் கேட்ட ஒரே மனுஷன் மூன்று கொடுத்தார். உண்மையைச் சொன்னது அவர் ஒருவர்தான்.

சுவிட்சை அணைத்து, பெட்டியைக் கவிழ்த்தேன். நாதம் பிறக்கிற செப்புக் கம்பிச் சுருள் நகத்தால் தொட்டாலே ஆடியது. அந்தக் கம்பி நகராமல் இருக்க துரை காலத்தில் மெழுகு பூசியிருந்தார்கள். அந்த மெழுகு உருகி வழிந்து, பெட்டியின் அடித்தகட்டில் பழுப்பாக உறைந்து கிடந்தது. மோந்து பார்த்தேன். ஏலக்காய் வாசனை.

நான் பீற்றிக்கொண்ட அதே யோசனை. டிரான்ஸ்ஃபார்மரைக் காய வைத்த சூடு சுருளின் மெழுகையும் உருக்கிவிட்டது. ஆறு மாதமாக ஃபேக்டரி அதிர்வில் கம்பி ஒவ்வொரு சுற்றாக இளகியிருக்கிறது. யாரையும் குறை சொல்ல வழியில்லை. வெட்கப்படவும் நேரமில்லை.

மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றலாமா என்று யோசித்தேன். வால்வுச் சூட்டில் அது மறுபடி இளகும். கண்ணை ஓட்டினேன். மேசை மேல், மெயில் பைக்கு முத்திரை வைக்கும் சிவப்பு அரக்கும் சணல் நூலும் இருந்தன. தினமும் என் கையில் புழங்குகிற சாமான். அரக்கு இறுகிவிட்டால் கல், கரண்டும் பாயாது.

கம்பிச் சுற்றுகளை ஒவ்வொன்றாக நெருக்கி நூலால் கட்டினேன். எலக்ட்ரீஷியன் மெழுகுவர்த்தியைப் பிடிக்க, அரக்கைக் காட்டிச் சொட்டுச் சொட்டாக விட்டேன். சர்க்கார் அரக்கைச் சொந்தப் பெட்டிக்குப் போட்டதற்குக் கேள்வி வந்தால் வரட்டும் என்று நினைத்தேன். பன்னிரண்டு வருஷமாக மெயில் பைக்கு அரக்கு வைத்துப் பழகிய கை. ஒரு சொட்டுகூட வேண்டாத இடத்தில் விழவில்லை. அந்தக் கையை நினைத்து இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

அரக்கு ஆறியதும் சுவிட்சைப் போட்டு, மறுபடி தபால் அறைக்குப் போய்க் கேட்டேன். ஒரே கோடாக, புல்லாங்குழல் மாதிரி நின்றது. ரோலர் சுற்றிக்கொண்டேதான் இருந்தது. முள்ளில் குறித்திருந்த அடையாளங்களை இனி நம்ப முடியாது. அதனால் காற்றில் பேசிக்கொண்டிருந்த ஒருவரின் நாதத்தைப் பிடித்து, என் நாதம் அதோடு ஒட்டி நிற்கும்வரை திருப்பினேன். அவர்கள் பேச்சு முடிந்ததும் அவசரம் என்று இரண்டே தடவை அடித்தேன்.

பதில் வந்தது. நல்லேப்பிள்ளிக்காரர்.

நான் முகத்தில் கதவைச் சாத்திய மனிதர். அவர் எதுவும் கேட்கவில்லை, சேதியைச் சொல்லுங்கள் என்றார். டாக்டர் எழுதிக் கொடுத்ததை அடித்தேன். ஒரு எழுத்து பிசகாமல் திருப்பி அடித்துக் காட்டினார். போகும் முன் மூன்று எண் தட்டினார். கடைசி எண் ஒன்பது.

அந்த மழையில் சைக்கிளை மிதித்து, பக்கத்து டவுனான சித்தூருக்குப் போய், போடி ஆஸ்பத்திரிக்கு லைட்னிங் கால் போட்டிருக்கிறார். மற்ற எல்லாக் காலையும் தள்ளிவிட்டு முதலில் கிடைக்கிற கால் அது. நாலரை மணிக்குத் திரும்பி வந்து, ஜீப் கிளம்பிவிட்டது என்று அடித்தார். எங்கள் ஆட்கள் சரிவுக்கு நடந்தார்கள். ஐஸ் போட்ட ஃபிளாஸ்க் கைமாறிக் கைமாறி மண்ணைத் தாண்டி, விளக்கு வைக்கும் நேரத்துக்கு டிஸ்பென்சரிக்கு வந்து சேர்ந்தது. நான் அங்கே போகவில்லை. ரேடியோ முன்னால் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அந்தப் பெண் கஞ்சி குடித்தாள். எலக்ட்ரீஷியன் ஆபீசுக்கு வந்து, நன்றி சொல்லத் தெரியாமல், பெட்டியின் மேல் இருந்த தூசியைத் தன் துண்டால் துடைத்துவிட்டுப் போனான்.

ஐப்பசியில் ரோடு சரியானதும் ஒருவர் மஞ்சப்பையில் நிலக்கடலையோடு ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"ஏனுங்க, போஸ்ட் மாஸ்டர் இருக்காருங்களா? நல்லேப்பிள்ளில இருந்து வாரனுங்க."

"நான்தாங்க" என்றேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அந்த வேகத்துக்குப் பெரிய மீசையோட ஒரு ஆள நெனச்சுட்டு வந்தனுங்க!" என்று விழுந்து விழுந்து சிரித்தார்.

காப்பி கொடுத்துவிட்டு, மனசை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அன்றைக்கு அப்படி அவமானப்படுத்தினேனே, எப்படிப் பதில் சொன்னீர்கள்?

"கோவந்தானுங்க. ஆனா அன்னைக்குச் சத்தம் சுத்தமா வந்துச்சு பாருங்க, அட, நாம சொன்னதக் கேட்டுச் சரி பண்ணிட்டாரேன்னு கோவமெல்லாம் போயிருச்சுங்க" என்றார்.

பெட்டியைத் திறந்து காட்டினேன். சிவப்பு அரக்கைத் தடவிப் பார்த்தார். "சர்க்கார் சீலே வெச்சாச்சுங்களா? இனி ஆருங்க அதை அசைக்கறது!"

அசையவில்லை. அந்த அரக்கு இன்னும் அந்தச் சுருளில் இருக்கிறது. என் திமிரும் முழுசாகப் போய்விடவில்லை. ஆனால் யாராவது என் வேலையில் குறை சொன்னால், ஆத்திரம் வந்த மறு நிமிஷமே அடுத்த அறைக்குப் போய் என் நாதத்தை நானே ஒரு தடவை கேட்டுவிட்டுத்தான் இன்றுவரை பதில் சொல்கிறேன்.