தீனியில் ஒட்டாத பூண்டு

அவரைச் 'சைவப் பூனை' என்றால்தான் ஊரில் தெரியும். மீன் வளர்ப்பார், தின்னமாட்டார். வாடை ஆகாது. முன்பு லாரிப் பட்டறையில் வெல்டிங் வேலை பார்த்தார். கண் கெடத் தொடங்கியதும் அதை விட்டுவிட்டு, அக்கா புருஷனோடு கூட்டாக ஒரு குளம் எடுத்தார். வளர்ப்பது இவர் பொறுப்பு, விற்பது மச்சான் பொறுப்பு.

மூன்றாம் வருடம், மீன்கள் பாதி வளர்த்தியில் இருந்தபோது, சிலவற்றின் உடம்பில் சிவந்த புண் கண்டது. செதில் உதிர்ந்தது. மச்சான் கரையில் நின்றபடியே தீர்ப்புச் சொன்னார்.

"நல்லா இருக்கறத மட்டுமாவது பிடிச்சு வித்துடுவோம் மாப்ள."

"இப்ப வித்தா தீனிக் காசுகூட தேறாது மச்சான். பூண்டும் மஞ்சளும் தீனியில கலந்து போட்டுப் பாக்கறேன். கொஞ்சம் பொறுங்க."

"இது குளமா, அடுப்படியா?"

ஒரு வாரம் கழித்து வலை போடுவது, புதிதாகப் புண் கண்டால் மொத்தமாகப் பிடித்து வியாபாரியிடம் கொடுத்துவிடுவது என்று முடிவானது.

பூண்டையும் மஞ்சளையும் பொடித்து, குருணைத் தீனியில் பிசறி வீசினார். கொஞ்சத்தைத் தட்டில் வைத்துக் கயிறு கட்டி இறக்கினார். தட்டு காலியாக மேலே வந்தது. வீட்டுக்கு வந்து பெருமையாகச் சொன்னார்.

மனைவி அந்தத் தீனியில் ஒரு பிடியை டம்ளர் தண்ணீரில் போட்டார். தண்ணீர் மஞ்சளானது. குருணைகள் குளித்து முடித்தவை போல அடியில் கிடந்தன.

"ஏங்க, மருந்து மீனுக்கா, குளத்துக்கா?"

"தட்டு காலியாத்தானே வந்துச்சு?"

"தீனியத் தின்னுருக்கும். உங்க பூண்டு தண்ணியோட போயிருக்கும்."

பிறகு மரவள்ளி மாவில் பசை காய்ச்சி ஆறவைத்தார்கள். அரைத்த பூண்டையும் மஞ்சளையும் அதில் குழைத்துத் தீனியைப் புரட்டி, நிழலில் உலர்த்தி, மேலே லேசாக எண்ணெய் தடவினார்கள். இம்முறை டம்ளரில் நிறம் இறங்கவில்லை. வீடெங்கும் பூண்டு நெடி.

"மீன் வாடையே தேவலாம்" என்றார் மனைவி.

இதற்குள் பாதி வாரம் போயிருந்தது. செத்து மிதந்த மீன்களை அப்புறப்படுத்திக் குளத்துக்குப் புதுத் தண்ணீரும் விட்டார்.

வலை போட்ட அன்று பழைய புண்களின் ஓரம் காய்ந்திருந்தது. மச்சான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார், புதுப் புண் தென்படவில்லை. வலையின் மறுமுனையில் ஒரு மீனின் வாலருகே லேசான சிவப்பு இருந்ததை இவர்தான் கண்டார். தண்ணீருக்குள் நழுவவிட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மச்சான் கையில் கொடுத்தார்.

"புண்ணா? வலை உரசினதா?"

"தெரியல மச்சான்."

மச்சான் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் குளத்திலேயே விட்டார்.

"நீயே எடுத்துக் காட்டற. அப்புறம் நான் எதுக்குப் பயப்படணும்? வியாபாரிய வர வேணாம்னு சொல்லிடறேன்."

மீன்கள் முழு எடைக்கு வளர்ந்து விலைபோயின. காப்பாற்றியது பூண்டா, புதுத் தண்ணீரா என்று கேட்பவர்களிடம், பிரித்துச் சொல்லத் தெரியாது என்பார். அடுத்த வளர்ப்பில் இரண்டையும் அவர் விடவில்லை.