பை ஒரிஜினல்... புடவை?

போன மாதம் நான் ஒரு பெண்ணைச் சந்தேகப்பட்டேன். லேசாக இல்லை. எதிரே உட்கார வைத்து, ஒரு மணி நேரம், மனசாரச் சந்தேகப்பட்டேன்.

புனேவில் இருக்கும் என் மகளைப் பார்க்கப் போக ஒரு நல்ல டிராவல் பேக் தேவைப்பட்டது. அவளே பழைய சாமான் விற்கும் ஒரு ஆப்பில் தேடி, ஒன்றைப் பிடித்து அனுப்பினாள். வெளிநாட்டுக் கம்பெனி. பெயர் என் வாயில் நுழையவில்லை. தேன் நிறத்தில் தோல், பித்தளை ஜிப். புதிதாக வாங்கினால் ஒரு டூ-வீலர் விலையாம்!

விற்பவள் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஏனாத்தூரில் இருக்கும் கல்லூரி லெக்சரர். பெயர் ஃபரீதா. போன் பண்ணினேன்.

"காசு வேணாம்க்கா" என்றாள்.

பின்னே?

"தங்கச்சிக்கு நிக்காஹ் வருது. அவளுக்கு ஒரு ஒரிஜினல் ஜரிகைப் பட்டு குடுக்கணும்னு ஆசை. கட்டாத புடவை இருந்தா சொல்லுங்க, பைக்குப் புடவை மாத்திக்கலாம்."

காஞ்சிபுரத்துக்காரியிடம் பட்டுப் புடவை கேட்டால் இல்லை என்றா சொல்வாள்? தீபாவளிக்கு எடுத்த மயில் கழுத்துக் கலர் புடவை ஒன்று மடிப்புக் கலையாமல் பீரோவில் இருந்தது. என் பெரியப்பா மகன் கடையில் எடுத்தது. 'காஞ்சிபுரம் வருகிறோம், எந்தக் கடையில் புடவை எடுக்கலாம்?' என்று இந்தப் பத்தியைப் படிக்கும் நீங்கள் மெயில் அனுப்புவீர்களே... நான் கண்ணை மூடிக்கொண்டு பதில் போடுவேனே... அதே கடைதான். அதே அண்ணன்தான்.

சரி என்றேன். உடனே மகள் போனில் எச்சரித்தாள். "அம்மா, டிசைனர் பேக்ல பாதி டூப்ளிகேட். செக் பண்ணாம வாங்காத!" கூடவே நாலு வீடியோ. தையல் எண்ணுவது எப்படி, ஜிப்பில் எழுத்து பார்ப்பது எப்படி, முகர்ந்து பார்ப்பது எப்படி...

ஞாயிற்றுக்கிழமை ஃபரீதா பையோடு வீட்டுக்கு வந்தாள். முப்பது வயது இருக்கும். காபி கொடுத்த கையோடு ஆரம்பித்தேன்.

பில் எங்கே? பையைப் போட்டு வந்த பெட்டி எங்கே? யார் வாங்கித் தந்தது? துபாயில் இருக்கிற மாமாவா... அவர் கடையில்தான் வாங்கினாரா? பிளாட்பாரத்தில் வாங்கவில்லை என்று எப்படித் தெரியும்?

பூதக்கண்ணாடி வைத்துத் தையலை எண்ணினேன். உள்பையில் குத்தியிருந்த நம்பரை போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பினேன். மூக்கை உள்ளே விட்டு முகர்ந்தேன். அவ்வளவும் பண்ணிவிட்டு, "எதுக்கும் தெரிஞ்சவர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமே" என்றேன்.

பாவம், கூடவே வந்தாள்.

பஸ் ஸ்டாண்ட் பக்கம் பை ரிப்பேர் பண்ணும் பாய் ஒருவர் இருக்கிறார். ராணிப்பேட்டையில் ஏற்றுமதிக்குப் பை தைக்கும் கம்பெனியில் பல வருஷம் இருந்தவர். பையை வாங்கி உள்வெளியாகத் திருப்பினார். லைனிங் ஓரத்தை விரலால் நெம்பிப் பார்த்தார். கைப்பிடி சேரும் இடத்தை மடக்கிப் பார்த்தார்.

"வெளிய எவன் வேணா அழகா தைப்பான்மா. கண்ணுக்குத் தெரியாத எடத்துல எப்டித் தச்சிக்கினு வந்துருக்கான்னு பாக்கணும். இதுல ஒரு எடத்துல கூட நூல் தாண்டல. நூத்துக்கு நூறு ஒரிஜினல்."

ஃபரீதா மூச்சு விட்டாள். இன்டர்வியூ முடிந்த மாதிரி.

கடையை விட்டு இறங்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"அக்கா, தப்பா நினைக்கலைன்னா... நானும் புடவையை ஒரு தடவை செக் பண்ணிக்கட்டுமா?"

சிரித்தேன். சத்தமாகவே சிரித்தேன். நெசவாளி வீட்டுப் பெண்ணிடம், அதுவும் காஞ்சிபுரம் நடுரோட்டில் நின்றுகொண்டு கேட்கிறாள்! "தாராளமா வாம்மா" என்று ஆட்டோவைக் கூப்பிட்டு, வழியில் வீட்டில் இறங்கிப் புடவையை எடுத்துக்கொண்டேன்.

ஜரிகையில் வெள்ளி எவ்வளவு, தங்கம் எவ்வளவு என்று மெஷினில் வைத்துச் சொல்லும் இடம் எங்கள் ஊரில் உண்டு. அந்த வழியாக எத்தனையோ முறை போயிருக்கிறேன். உள்ளே போனதில்லை. நமக்கு எதற்கு அதெல்லாம்?

மெஷினில் இருந்த பெண் பார்டரை வைத்தாள். ஸ்கிரீனைப் பார்த்தாள். புடவையை நகர்த்தி மறுபடி வைத்தாள்.

"வெள்ளி காட்டலையேம்மா."

"சரியா வையும்மா" என்றேன். "முந்தியில வச்சுப் பாரு."

முந்தியில் வைத்தாள். அங்கேயும் இல்லை. ஒரு ஊசியை எடுத்து ஜரிகை இழை ஒன்றை மெல்லச் சுரண்டினாள்.

"ஒரிஜினல்னா உள்ள செகப்புப் பட்டு நூல் இருக்கும். இதப் பாருங்க."

பார்த்தேன். வெள்ளை. பளபளவென்று, வெட்கமே இல்லாத வெள்ளை.

"பாலியஸ்டர் நூல்மா. மேல செம்புக் கம்பி சுத்தி முலாம் பூசிருக்காங்க. எந்தக் கடையில எடுத்தீங்க?"

காது ரெண்டும் சூடாகிவிட்டது. தடவிப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று எத்தனை பேரிடம் பெருமை அடித்திருக்கிறேன்! இந்தப் புடவையையும் தடவித்தானே எடுத்தேன்?

ஃபரீதா பில் எங்கே என்று கேட்கவில்லை. தன் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் கொடுத்தாள். "உக்காருங்கக்கா" என்று சொல்லிவிட்டு, அந்தப் புடவையை மடிப்பு மாறாமல் மடித்து வைத்தாள். அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை...

பையை அவளிடமே கொடுத்து அனுப்பிவிட்டு, நேராக அண்ணன் கடைக்குப் போனேன்.

கடையில் ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள். முகூர்த்தப் புடவைகளைப் பாயில் விரித்துப் போட்டிருந்தார்கள். அண்ணனைத் தனியாகக் கூப்பிட்டு, புடவையைக் காட்டி, விஷயத்தைச் சொன்னேன். 'ஐயோ, என்னம்மா சொல்ற, எவனோ என்னை ஏமாத்திட்டான்' என்று பதறுவார் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அவர் பதறவில்லை.

"அதையேன் டெஸ்ட்டுக்கு எடுத்துக்கினு போன?" என்றார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அண்ணா... உனக்குத் தெரியுமா?"

"மெல்லப் பேசு. வெளியூர் பார்ட்டிங்க இப்பல்லாம் டெஸ்ட் பண்ணிக்கினுதான் பணமே குடுக்கிறாங்க. அவங்களுக்குத் தப்பான சரக்கு போட முடியாது. உள்ளூர், சொந்தக்காரங்க, நீ சொல்லி வர்றவங்க... யாரு செக் பண்றாங்க? வேற புடவை எடுத்துக்கினு போம்மா. இதைப் போய்ப் பெருசு பண்ணிக்கினு..."

புரிகிறதா? முகம் தெரியாதவர்களுக்கு ஒரிஜினல். அவரை நம்பியவர்களுக்கு டூப்ளிகேட். அவர் செய்த தப்பைவிட, அதை ஒரு சாதாரண வியாபார வழக்கம் மாதிரி சொன்னாரே... அதில்தான் ஆடிப்போனேன். சின்ன வயசில் எனக்கு சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தவர்!

பேசாமல் வெளியே வந்திருப்பேன். ஆனால் பாயில் உட்கார்ந்திருந்த கல்யாணப் பெண்ணின் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டார்.

"நீங்க பத்தி எழுதுறவங்கதானே மேடம்? நாங்க வேலூர். உங்களுக்கு மெயில் போட்டு, நீங்க சொல்லித்தான் இந்தக் கடைக்கு வந்தோம்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன்.

சொல்லிவிட்டேன். "சொன்னது நான்தான்மா. தப்பாச் சொல்லிட்டேன். எந்தக் கடையில எடுத்தாலும் டெஸ்ட் பண்ணிட்டு எடுங்க. யாரு சொன்னாலும்... நான் சொன்னாலும்."

அந்த அம்மா கையில் இருந்த அரக்குப் புடவையை மெதுவாகக் கீழே வைத்தார்.

அன்றிலிருந்து அண்ணன் பேசுவதில்லை. அவர் பேத்தி காதுகுத்துக்கு எங்களுக்குப் பத்திரிகை வரவில்லை. 'கூடப் பொறந்தவ மாதிரி இருந்தவ, கடையில வச்சு மானத்தை வாங்கிட்டா' என்று சொந்தத்தில் பேச்சு. இருக்கட்டும். நான் வழி சொல்லி அந்தக் கடைக்குப் போனவர்கள் எத்தனை பேரோ? அவர்களிடம் இந்தப் பத்தி வழியாகவே மன்னிப்புக் கேட்கிறேன்.

பிறகு எங்கள் ஊர்ப் பக்கத்து ஐயம்பேட்டையில் ஒரு நெசவாளியிடம் நேராகப் போய் ஒரு பச்சைப் புடவை வாங்கினேன். வாங்கும் முன்பே டெஸ்ட். ரிப்போர்ட்டோடு ஏனாத்தூர் போனேன். ஃபரீதா புடவையைப் பார்த்துச் சிரித்தாள். ரிப்போர்ட்டை வாங்கி, முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை நிதானமாகப் படித்தாள். அதன் பிறகுதான் பையைக் கொண்டுவந்து கொடுத்தாள். சரிதானே? நான் அவள் இடத்தில் இருந்தால் இரண்டு தடவை படித்திருப்பேன்.

மகளிடம் போனில் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் கடை வரைக்கும் விழுந்து விழுந்து சிரித்தாள். அண்ணன் பேசியதைச் சொன்னபோது சிரிப்பு நின்றது.

"அம்மா... என் முகூர்த்தப் புடவையும் மாமா கடைலதானே எடுத்தோம்?"

பத்து நாளாகிறது. அவள் புடவை இருக்கும் பீரோவின் சாவி என் இடுப்பில்தான் இருக்கிறது... திறக்கத்தான் கை வரவில்லை.