சொத்து வரி மனுவும் ஒரு ஃப்ளெக்ஸ் பேனரும்

கோச்சடையில் எனக்கும் என் அண்ணனுக்கும் பொதுவாக ஒரு கட்டடம் இருக்கிறது. அப்பா கட்டியது. கீழே மூன்று கடைகள், மாடியில் துணி காயப்போட ஒரு தகரக் கொட்டகை. மழை பெய்தால் நடுக்கடைச் சுவரில் தண்ணீர் இறங்கும். அந்த நடுக்கடையில் ஒரு தையல்கார அக்கா பல வருஷமாக மிஷின் போட்டிருந்தார். புருஷன் இல்லை. அந்த மிஷினை நம்பித்தான் அவர் வீட்டில் உலை கொதித்தது.

போன முறை மாநகராட்சியில் வரியை மாற்றியபோது, அந்தக் கொட்டகையையும் கடை என்று சேர்த்து, சொத்து வரியைத் தாறுமாறாக ஏற்றிவிட்டார்கள். அண்ணன் கொஞ்சமும் யோசிக்கவில்லை. கூடுவதை வாடகையில் போட்டுவிடலாம் என்றார். மற்ற இரண்டு கடைக்காரர்களும் சமாளித்துவிடுவார்கள். அக்கா என்னிடம் வந்து, "வாடகை ஏறுச்சுன்னா காலி பண்ணிருவேன் டீச்சர். வேற வழியில்ல" என்றார். அழவில்லை, ஊர்ச்சங்கதி சொல்வது மாதிரி சொன்னார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வரியைக் குறைக்கச் சொல்லி மனு எழுதினேன். பள்ளிக்கூடத்தில் லீவு போட்டுவிட்டு ஆபீசுக்கு அலைந்தேன். சார் சாப்பிடப் போயிருக்கிறார், சார் மீட்டிங்கில் இருக்கிறார். எரிச்சலில் வாய்க்குள்ளேயே திட்டிக்கொண்டு படி ஏறி இறங்கினேன். ஒருவழியாக, நேரில் வந்து பார்க்கிறோம் என்று தேதி கொடுத்தார்கள்.

அந்த வாரம் பார்த்துத்தானா அண்ணன் பேத்திக்குக் காதுகுத்து வர வேண்டும்! எங்கள் ஊரில் காதுகுத்து என்றால் முதலில் ஃப்ளெக்ஸ், அப்புறம்தான் பிள்ளை. அண்ணனுடைய மச்சான் கட்டடத்தின் முகப்பு முழுக்க ஒன்றைக் கட்டிவிட்டுப் போயிருந்தார். கூலிங் கிளாஸ் போட்ட அண்ணன், பக்கத்தில் ஒரு சிங்கம், ஓரத்தில் தபால்தலை அளவுக்குக் குழந்தை. கீழே கொட்டை எழுத்தில் 'வணிக வளாக அதிபர்'. அக்காவின் கடைப் போர்டு அதற்குப் பின்னால் போய்விட்டது.

நாளைக்கு ஆபீசர் வருகிறார், ஒரே ஒரு நாள் அவிழ்த்து வையுங்கள் என்று அண்ணனிடம் கெஞ்சினேன்.

"விசேஷத்துக்கு முன்னாடி அவுத்தா மச்சான் மூஞ்சில முழிக்க முடியாது பாப்பா. சொந்தபந்தம் அம்புட்டும் பாத்துட்டுப் போயிருக்கு" என்றார்.

ஆபீசர் வந்தார். ஊறிப்போன சுவரைத் தொட்டுப் பார்த்தார். கொட்டகையில் தொங்கிய பழைய புடவைகளைப் பார்த்துத் தலையாட்டினார். எனக்கு நம்பிக்கையே வந்துவிட்டது. அண்ணன் சும்மா இருந்தாரா? சலவை வேட்டியில் வந்து, இளநீர் கொடுத்து, காதுகுத்துப் பத்திரிகையும் நீட்டினார். ஆபீசர் ஃப்ளெக்ஸை நிமிர்ந்து பார்த்து, இது நீங்கள்தானா என்று கேட்டார். அவ்வளவுதான், அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

"மாடியில ஜிம் வைக்கக் கேட்டுக்கிட்டே இருக்காங்க சார். நாந்தான் பிடி குடுக்காம இருக்கேன்" என்றார்.

ஜிம்மாவது, மண்ணாங்கட்டியாவது. அங்கே கேட்டு வந்ததெல்லாம் புறாக்கள்தான். ஆபீசர் ஃப்ளெக்ஸைப் போட்டோ எடுத்துக்கொண்டு, என் மனுவையும் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். அண்ணன் முகத்தில் வெட்கமே இல்லை, பூரிப்புதான். ச்சீ என்று ஆகிவிட்டது எனக்கு.

மனு தள்ளுபடியானது. வாடகை ஏறியது. அக்கா மிஷினை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு நாகமலை புதுக்கோட்டையில் இருக்கும் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அந்த வீடு ஒரு சந்துக்குள் இருக்கிறது. அங்கே யார் ஜாக்கெட் தைக்க வருவார்கள்?

அதன் பிறகு அந்தக் கடைக்கு ஒருவரும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் என் வீட்டுக்கு வந்து, சாவகாசமாக ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தார்.

"கடை காலியாத்தான கெடக்கு. அதைச் சொல்லி வரியக் கொறைக்க இன்னொரு மனு எழுது பாப்பா. நீதான் நல்லா எழுதுற."

"எழுதுறேன். அது எப்படிக் காலியாச்சுன்னும் எழுதட்டுமாண்ணே?"

"அதெல்லாம் எதுக்கு?" என்றார், நிஜமாகவே புரியாமல்.