பங்களா ஜன்னல்

பங்களாவைப் பார்க்க டிக்கெட் போட்டிருக்கிறார்கள் என்று பஸ்ஸில் யாரோ பேசிக்கொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. பலாங்கொடைக்கு மேலே நான் பிறந்த தேயிலைத் தோட்டத்தில்தான் அந்தப் பங்களா. தோட்டத்தை நடத்திய துரையின் பங்களா, பெரிய கிளாக்கர் வீடு, துரைமார் பந்தாடிய கிளப் எல்லாவற்றையும் திருத்தி, வெள்ளையடித்து, மரபுப் பூங்கா என்று பலகை மாட்டியிருக்கிறார்களாம். தோட்டத்து ஆட்களின் வரிசை வீடான லயத்தை மட்டும் விட்டுவிட்டார்கள். அதில் இன்னும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், பிறகு எப்படி அது மரபாகும்?

ஒருமுறை போய்வருவது என்று முடிவு செய்தேன். கூட வா என்று கூப்பிட ஆள் இல்லை. கணவர் இறந்துவிட்டார், மகன் கட்டாரில். ஆள் இருந்திருந்தாலும் காரணத்தைச் சொல்லியிருப்பேனா தெரியாது. ஐம்பது வயதுக்காரி ஒரு ஜன்னலைப் பார்க்க பஸ் ஏறுகிறாள் என்றால் யார் நம்புவார்கள்?

அப்பா அந்தப் பங்களாவில் சமையல்காரர். எனக்குப் பத்து வயதில் அம்மா இறந்தாள். பங்களா வேலைக்காரர்கள் இரவும் அங்கேயே தங்க வேண்டும், பிள்ளைகளைக் கூட்டிவரக் கூடாது. அதனால் லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பிராவில் நான் தனியாகப் படுத்தேன். அடுத்த காம்பிராவில் இருந்தவர்கள் சோறு போட்டார்கள். என் பயத்துக்கு அவர்கள் என்ன செய்ய முடியும்? முதல் நாள் நான் அழுத அழுகையைப் பார்த்துவிட்டு அப்பா ஒரு வழி சொன்னார்.

“இருட்டுனதும் வாசல்ல நின்னு லாம்ப மூணு தரம் ஆட்டு. பங்களா ஜன்னல்லருந்து பாத்தா நம்ம லயம் நல்லா தெரியும். நான் பாத்துக்கிட்டே இருப்பேன்.”

“இங்கருந்து பங்களா தெரியலியேப்பா?”

“மேலருந்து கீழ தெரியும். கீழருந்து மேல தெரியாது.”

எனக்கு அது சரியாகவே பட்டது. துரைமார் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் அவர்களைப் பார்க்க மாட்டோம். தோட்டத்து வழக்கமே அதுதானே.

அன்றிலிருந்து கல்யாணமாகிப் போகும்வரை லாம்பை ஆட்டினேன். பகலில் அப்பா கீழே இறங்கி வரும்போது “ஆட்டுனியா?” என்பார். “ஆமா” என்றால் “பாத்தேன்” என்பார். ஒரு நாள் காய்ச்சலில் லாம்பைக் கொளுத்தாமலே படுத்துவிட்டேன். மறுநாள் அப்பா கேட்கக்கூட இல்லை. “நேத்தும் பாத்தேன்” என்றார். வேறு யாருடைய வெளிச்சத்தையோ என்னுடையது என்று நினைத்திருப்பார் என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனாலும் அது உறுத்திக்கொண்டே இருந்தது. இப்போது கேட்க அப்பா இல்லை, பங்களா மட்டும் இருக்கிறது.

நான் போன அன்று நல்ல மழை. யுத்தம் முடியாத காலம். கேட்டில் காவல்காரர் அடையாள அட்டையை வாங்கித் தமிழ்ப் பெயரைப் படித்ததும் கைப்பையைக் கிண்டத் தொடங்கினார். சிங்களத்தில் நாலு வார்த்தை பேசிய பிறகு டிக்கெட்டைக் கிழித்துத் தந்தார். கொஞ்சதூரம் ஏறியதும் பங்களா தெரிந்தது. என் கை தானாகக் குடையை மடக்கியது.

பங்களாவுக்கு முன்னால் குடை பிடித்துக்கொண்டு போகக் கூடாது. எழுத்துப் படிக்கும் முன்பே நாங்கள் படித்த பாடம் அது. துரை போய் எவ்வளவோ காலமாகிவிட்டது, என் கை அதை நம்பவில்லை. கால் அதற்கும் மேல். முன்வாசலை விட்டுவிட்டு என்னை நேரே பின்னால், சமையல் செய்யும் குசினிப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியது. கையில் டிக்கெட், தலையெல்லாம் தண்ணீர். என் மேல் எனக்கே ஆத்திரமாக வந்தது.

வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்தாள். தோட்டத்துப் பெண்தான்.

“வேலைக்கு வந்தீங்களா அக்கா? ஐயோ, குடைய வச்சிக்கிட்டே நனஞ்சிருக்கீங்களே. இங்க வைங்க.”

குசினிக்குப் பின்னால் ஒரு கதவைத் திறந்தாள். ஒரே இருட்டு. வாளியும் விளக்குமாறும் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

“இது என்ன காம்பிரா?”

“முன்ன சமையக்காரர் படுத்த எடமாம். டிக்கெட்டுக்காரங்களுக்கு இத காட்ட மாட்டாங்க.”

குடையைச் சுவரோடு சாய்த்துவிட்டு டிக்கெட்டைக் காட்டினேன். அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். “சாரி மிஸ், தெரியாம சொல்லிட்டேன்” என்றாள். ஒரே மூச்சில் அக்காவிலிருந்து மிஸ் ஆகிவிட்டேன். நல்ல பெண். முன்பக்கம் கூட்டிப்போய் ஒவ்வோர் அறையாகக் காட்டினாள்.

பளபளக்கும் தரை, பூப்போட்ட தட்டுகள், துரை சாய்ந்திருந்த நாற்காலி. எனக்கு எதுவும் மனதில் ஏறவில்லை. ஜன்னல் ஜன்னலாகப் போனேன். சாப்பாட்டறையிலிருந்து புல்வெளி தெரிந்தது. ஹாலிலிருந்து ரோஜாப் பாத்தி. கடைசிப் படுக்கையறை ஜன்னலில் தேயிலை, அதைத் தாண்டி ஒரு குன்று.

“லயம் எந்தப் பக்கம்?”

“அந்தக் குன்னுக்கு அந்தப் பக்கம் மிஸ். இங்கருந்து எப்படித் தெரியும்?”

மரம் என்றால் இடையில் வளர்ந்து மறைத்துவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். குன்று வளராது. என்னை யாரும் பார்க்கவில்லை. அத்தனை வருஷமும் நான் ஒரு குன்றுக்கு லாம்பை ஆட்டியிருக்கிறேன். அப்பா மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன், அதுவும் வருகிற மாதிரிதான் இருந்தது.

குடையை எடுக்கப் பின்னால் போனோம். இந்த முறை அவள் லைட்டைப் போட்டாள். ஒரு பாய் விரிக்கிற அளவுக்கு இடம். நாலு பக்கமும் சுவர். ஜன்னலே இல்லை.

வேலை முடிந்து இதற்குள்தான் அப்பா வந்து படுத்திருக்கிறார். கீழே பிள்ளை தனியாகக் கிடக்கிறாள், அழுகிறாளா தூங்குகிறாளா என்று தெரியாமல் இந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். “ஆட்டுனியா?” என்று அவர் கேட்டது, நான் பயமில்லாமல் படுத்தேனா என்று தெரிந்துகொள்ளத்தான். காய்ச்சலுக்கு மறுநாள் கேட்காமல் விட்டாரே, என் முகத்தைப் பார்த்ததுமே கேட்கப் பயந்திருப்பார். எனக்காவது ஒரு குன்று இருந்தது.

சுவரைத் தொட்டுக்கொண்டு நின்றேன். வெளியே மழை விட்டபாடில்லை. அந்தப் பெண் லைட்டை அணைக்கக் கையை வைத்துக்கொண்டு மரியாதையாகக் கேட்டாள்.

“பாக்க வந்தத பாத்தாச்சா மிஸ்?”

“பாத்தேன்” என்றேன்.