சயாமுக்குப் போன கிராணி

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே கோட்டர்ஸில் இராஜம்மாவுக்கு இருந்த மரியாதையில் பாதி அவள் புருஷனின் இங்கிலீஷால் வந்தது. நாகையா சரக்குக் கொட்டகையில் கணக்கெழுதும் கிராணி. வெள்ளைக்காரன் ஆண்ட நாளில் நாலு வரி இங்கிலீஷ் எழுதத் தெரிந்தவன் வெயிலில் நிற்க வேண்டியதில்லை. இராஜம்மா ஆஸ்பத்திரியில் ஆயா. மருந்துப் புட்டியில் ஒட்டியிருப்பதைப் படிக்கவும் பெயரை எழுதவும் அவளுக்கு அவன் சொல்லிக் கொடுத்திருந்தான்.

ஜப்பான்காரன் வந்ததும் அந்த இங்கிலீஷுக்கு மதிப்புப் போயிற்று. வேலையிழந்த நாகையா கோட்டர்ஸுக்குப் பின்னால் மரவள்ளி நட்டான். பழைய மூச்சிழுப்பு நோயும் திரும்பியது.

நாற்பத்து மூன்றாம் வருஷம் ஒரு காலை, ஆண்களைத் திடலுக்கு வரச் சொன்னார்கள். சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டுமாம். இராஜம்மா ஓடிவந்தபோது ஒரு சிப்பாய் நாகையாவின் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டுவிட்டு, இடப்பக்கம் போகச் சொல்லிக் கையைக் காட்டினான். இடப்பக்கம் ஒரு லோரி நின்றது. அங்கே நிற்பவர்களைத்தான் ஏற்றப் போகிறார்கள் என்று எண்ணிவிட்டாள். மொழிபெயர்ப்புக்காரனிடம் போனாள்.

"ஐயா, இவரு கூலி இல்லீங்க. கிராணி. இங்கிலீஷ் எழுதுவாரு."

"நீ சும்மா இரு, ராஜம்," என்றான் நாகையா.

அதற்குள் மொழிபெயர்ப்புக்காரன் சொல்லிவிட்டான். சிப்பாய் தலையசைத்தான். கூலிகளின் கணக்கெழுத ஆள் தேவைப்பட்டது. நாகையாவை வலப்பக்கம் தள்ளினார்கள். சற்று நேரத்தில் இடப்பக்கம் நின்ற நோயாளிகளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். லோரி வலப்பக்கத்தாருக்கு.

ஏறும்போது அவன்தான் சமாதானம் சொன்னான். "கிராணிய மண்ணு வெட்டச் சொல்ல மாட்டான் லா. நெழல்லதான் உக்காருவேன். கெழங்கப் புடுங்கிடு, முத்திப்போயிடும்."

சண்டை முடிந்து, நாற்பத்தைந்து கடைசியில் சயாமிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காலெல்லாம் புண். இராஜம்மா ஆண்கள் வார்டு கேட்டு வாங்கிக்கொண்டாள். புண் கழுவும்போது ஒவ்வொருவரிடமும் நாகையாவைப் பார்த்தாயா என்று கேட்டாள். பந்திங் தோட்டத்துப் பக்கிரிசாமி மட்டும் நிமிர்ந்து பார்த்தான்.

"இழுத்து இழுத்து மூச்சு விடுவாரே, அந்தக் கிராணியா? தெனம் செத்தவங்க பேர எழுதுவாரு. என் தம்பி பேரும் அவரு எழுதினதுதான். ஒரு நாள் பேனா வேற ஆளு கையில இருந்துச்சுக்கா."

"எதனால?"

"பேதி. ரெண்டே நாளு."

புண்ணின் மேல் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். அவன் முகம் சுளித்ததும் அவிழ்த்து மறுபடி கட்டினாள்.

மறுவாரம் காணாமற்போனவர்களைப் பதியும் ஆபீசுக்குப் போனாள். ஃபாரம் மறுபடியும் இங்கிலீஷில் இருந்தது. பாலன் என்ற கிராணி கேட்டு நிரப்பினான்.

"தானாப் போனாரா, புடிச்சிக்கிட்டுப் போனாங்களா அக்கா?"

"ரெண்டும் இல்ல. வீட்டுக்குப் போன்னுதான் விட்டாங்க. இங்கிலீஷ் தெரியும்னு சொல்லி நான்தான் அனுப்பிச்சேன். அப்படியே எழுதுங்க."

பாலன் பேனாவை நிறுத்தினான். "அதுக்கு இதுல இடமில்லக்கா. ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க."

அவள் தாளைத் தன் பக்கம் திருப்பி எழுத்துக் கூட்டிப் பார்த்தாள். இடம் இல்லைதான்.

"புடிச்சிக்கிட்டுப் போனாங்கன்னு போடுங்க."

கீழே, நாகையா கற்றுக் கொடுத்த எழுத்தில் தன் பெயரை எழுதினாள். மூன்று மணிக்குப் பக்கிரிசாமிக்குக் கட்டு மாற்ற வேண்டும். எழுந்து நடந்தாள்.